இம்மாத நட்சத்திர வாடிக்கையாளர்

எங்கள் வீட்டில் காபிக்கு முன்னால் டேஷ்போர்டு. சாமி கும்பிடுவது அதற்கு அப்புறம்தான். என் வீட்டுக்காரர் வேல்ராஜுக்கு இரண்டு சூப்பர் மார்க்கெட். ஒன்று நாங்கள் குடியிருக்கும் முத்தையாபுரத்தில், இன்னொன்று திரேஸ்புரத்தில் கடலை ஒட்டி. இரண்டு கடையிலும் பில் போடுகிற மிஷினில் எது நடந்தாலும் அந்த நிமிஷமே இவர் போனில் தெரிந்துவிடும். எத்தனை பேர் வந்தார்கள், எந்தச் சோப்பு ஓடுகிறது, எந்த பிஸ்கட் அலமாரியில் தூங்குகிறது, போன வாரத்துக்கு இந்த வாரம் ஏற்றமா இறக்கமா, எல்லாம் கலர் கலராக வரும். பச்சையாக இருந்தால் என்னிடம் சிரித்துப் பேசுவார். சிவப்பாக இருந்தால் சாம்பாரில் உப்பு இல்லை என்பார். இத்தனை வருஷத்தில் என் முகத்தை ஒருநாளாவது அப்படி உற்றுப் பார்த்திருப்பாரா என்று என்னைக் கேட்காதீர்கள்.

அந்த டேஷ்போர்டில் ஒரு வட்டம் உண்டு. போடுகிற பில்களில் எத்தனையில் போன் நம்பர் ஏறியிருக்கிறது என்று காட்டும் வட்டம். நம்பர் இருந்தால்தான் யார் வருகிறார், எதை வாங்குகிறார், எப்போது வராமல் போனார் என்பதெல்லாம் தெரியும் என்று சாஃப்ட்வேர் விற்றவர் சொல்லிவிட்டுப் போயிருந்தார். நம்பர் கொடுப்பவர்களுக்குப் பாயிண்ட் சேரும். சேர்ந்த பாயிண்டுக்குச் சாமான் எடுத்துக்கொள்ளலாம். முத்தையாபுரம் கடை வட்டம் சீக்கிரமே நிறைந்துவிட்டது. திரேஸ்புரம் வட்டம் மட்டும் பாதியிலேயே நின்றது. "ரொட்டி வாங்க வந்தவனுக்கு போன் நம்பர் எதுக்கு?" என்று கேட்டுவிட்டுப் போகிற ஜனம் அது. இவருக்கு அந்தப் பாதி வட்டம் கண்ணில் விழுந்த தூசி மாதிரி உறுத்திக்கொண்டே இருந்தது. திரேஸ்புரத்தில் பில் போடும் ஜெபசுதாவைப் போகும்போதெல்லாம் பிடித்து உலுக்குவார். நானும் சும்மா இருக்கவில்லை. வாயில் கொழுக்கட்டையா வைத்திருக்கிறாய், கேட்டு வாங்கத் தெரியாதா என்று என் வாய்க்கு வந்ததையும் சொன்னேன். அவள் தலையைக் குனிந்துகொண்டு சரிக்கா, சரிக்கா என்பாள்.

கார்த்திகை பிறந்ததும் அந்த வட்டம் தானாக நிறையத் தொடங்கியது. முக்கால்வாசி நிறைந்து, பச்சையாகவும் ஆகிவிட்டது.

"ஏளா அனுசியா, பாத்தியா? கண்டிச்சு வச்சா எல்லாம் நடக்கும்" என்று இவர் போனை என் மூக்குக்கு முன்னால் கொண்டு வந்தார். இரண்டு கடைக்கும் சேர்த்து அந்த மாதத்தில் அதிக தடவை வந்த வாடிக்கையாளரின் பெயர் மேலே நட்சத்திரம் போட்டு நின்றது. ஃபிராங்க்ளின்.

திரேஸ்புரத்துக்காரர். ஒரே நாளில் எட்டு தடவை, பத்து தடவைகூட வந்திருந்தார். இவருக்குத் தலைகால் புரியவில்லை. அந்த மனிதருக்கு ஒரு குக்கர் பரிசு கொடுத்துக் கடை வாசலில் வைத்துப் போட்டோ எடுக்க வேண்டும் என்றார். உடனே கூப்பிட்டார். நானும் கேட்க வேண்டும் என்று ஸ்பீக்கரில் போட்டார்.

முதல் மணி முழுதாக அடித்து முடிப்பதற்குள் எடுத்தாகிவிட்டது. ஒரு பெண்ணின் குரல். ஹலோ என்றுகூடச் சொல்லவில்லை.

"எங்க இருக்கீய? நான் ஒண்ணும் கேக்க மாட்டேன். எங்க இருக்கீயன்னு மட்டும் சொல்லுங்க."

இவர் தொண்டையைச் செருமி, கடையின் பெயரைச் சொல்லி, முதலாளி பேசுகிறேன் என்றார். "உங்க வீடு எங்க இருக்கு, அண்ணாச்சி?" என்று கேட்டது குரல். இவர் சொன்னார். போன் கட்டாகிவிட்டது.

"புருசன் பொண்டாட்டி சண்டை போல. குக்கர் குடுத்தா சேந்துருவாவ" என்று இவர் சிரித்துக்கொண்டே குளிக்கப் போனார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சண்டை போட்ட பெண்டாட்டியின் குரல் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அது அந்தக் குரல் இல்லை.

இவர் கொள்முதலுக்குக் கிளம்பிப் போன பிறகு, வெயில் ஏறியபோது வாசலில் வந்து நின்றாள். சின்ன வயசுதான், முப்பதுகூட இருக்காது. பஸ்ஸில் நின்றுகொண்டே வந்த களைப்பு முகத்தில் தெரிந்தது. கழுத்தில் தாலி. கையில் இரண்டு போன். ஒன்று அவளுடையது. இன்னொன்றை ஈரமானதைப் பிடிப்பது மாதிரி இரண்டு விரலால் பிடித்திருந்தாள்.

"நான் கிளாடிஸ். ஃபிராங்க்ளின் வீட்டுக்காரி" என்றாள். "அவிய உங்க கடைக்கு வாராவளாக்கா?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஃபிராங்க்ளின் என்ற பெயர் அந்தப் பக்கம் தெருவுக்கு ஒன்று இருக்கும். ஆனால் புரட்டாசியில் சங்கு குளிக்கப் போய், கடலில் குதித்தவன் மேலே வராமலே போன ஃபிராங்க்ளின் ஒருவன்தான். நாள் கணக்கில் படகுகள் தேடின. காலில் மாட்டும் துடுப்பு ஒன்று மிதந்து வந்தது. ஆள் கிடைக்கவில்லை. என் கடைக்கு வந்துபோனவன்தான். மதியத்தில் தலையில் உப்பு காயாமல் வந்து, எதையும் விலை கேட்காமல் வாங்கிக்கொண்டு போவான்.

"உள்ள வாம்மா" என்றேன்.

உட்கார்ந்தாள், தண்ணீரைத் தொடவில்லை. அந்த இரண்டாவது போன் ஃபிராங்க்ளினுடையது. உப்புத் தண்ணீர் பட்டால் போன் போய்விடும் என்று கடலுக்குப் போகும்போது அவன் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போவானாம். அன்றைக்கும் அப்படித்தான் வைத்துவிட்டுப் போனான். அவள் அதற்குச் சார்ஜ் போட்டுக்கொண்டே இருந்தாள். ஒருநாள் அதில் மணி அடித்தது. அவள் எனக்குக் காட்டினாள்.

அன்பு ஃபிராங்க்ளின், எங்கள் கடைக்கு வந்தமைக்கு நன்றி. மீண்டும் வருக.

அதற்குக் கீழே பில்லைப் பார்க்க ஒரு லிங்க். அதே மாதிரி இன்னொன்று, அப்புறம் இன்னொன்று. விரலால் தள்ளத் தள்ள வந்துகொண்டே இருந்தன.

"முதல்ல பயந்துட்டேன்க்கா. பொறவு பில்ல தொறந்து பாத்தேன். அன்னைக்கு ரொட்டியும் பழமும் வாங்கிருந்தாவ. அவியளுக்கு அதுதான் பிடிக்கும். அடுத்த நாளு கொசுவத்தி. அடுத்த நாளு பச்சப்புள்ளைக்கு நாப்கின், பால்பவுடர்." அவள் நிறுத்தினாள். "எம்பிள்ள அனுஜா பள்ளிக்கூடம் போறா. நாப்கின் யாருக்குக்கா?"

வளையல், கண்மை, ஒருநாள் குங்குமம்கூட. ஒரு வீடு நடத்துகிற மனிதனின் சாமான்கள் எல்லாம் அந்தப் பில்களில் இருந்தன. அவள் ஒவ்வொன்றையும் மனப்பாடம் செய்திருந்தாள்.

"வேற ஒருத்திகூட இருக்காவ போல. இருக்கட்டும். நான் சண்டைக்குப் போகல. அந்தக் கடையில போயி நின்னா தெரு பூராவும் பேசும், அதான் உங்க வீட்டுக்கு வந்தேன். மூச்சோட இருந்தாப் போதும்க்கா, எவ வீட்டுல இருந்தா எனக்கென்ன" என்றாள். "வார ஞாயித்துக்கிழம அவிய பேருல செத்தவுக பூசைன்னு கோயில்ல வச்சிருக்காவ. எங்க அண்ணன் வந்து தாலியக் கழட்டச் சொல்லுதான். உசுரோட நடமாடுதவருக்கு எப்படிக்கா பூசை வைக்கச் சொல்லுவேன்? ஒரே ஒருக்கா அவியளப் பாத்துட்டேன்னா சாமியாருகிட்ட சொல்லி நிறுத்திருவேன்."

நான் ரொம்பத் தைரியசாலி என்று ஊரில் பெயர். செத்தவன் வந்து ரொட்டி வாங்குகிறான் என்று வேறு யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். ஆனால் மிஷின் சொல்கிறதே. எங்கள் வீட்டில் மிஷின் பொய் சொன்னதில்லை. என் போனிலும் டேஷ்போர்டு உண்டு. திறந்தேன். திரேஸ்புரம் கடையை அழுத்தினேன். பில்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிக்கொண்டிருந்தன. பெயர் இல்லாதது, யாரோ மரியசெல்வம், பெயர் இல்லாதது. நாங்கள் இரண்டு பேரும் தலையோடு தலை முட்டுகிற மாதிரி அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஃபிராங்க்ளின்.

அந்தப் பெயர் மேலே வந்து நின்ற அதே நேரம் அவள் கையில் இருந்த போன் கிணிங் என்றது. அன்பு ஃபிராங்க்ளின், எங்கள் கடைக்கு வந்தமைக்கு நன்றி.

"இப்பம் அங்கன நிக்காவ" என்றாள் கிளாடிஸ். அவள் குரலே மாறிவிட்டது.

கடையில் கேமரா இருக்கிறது. அதையும் போனில் பார்க்கலாம். அவசரத்தில் இரண்டு தடவை தப்பாக அழுத்தினேன். படம் வந்தபோது கவுண்டரில் ஒரு ஆள் பையைத் தூக்கிக்கொண்டிருந்தார். முதுகுதான் தெரிந்தது. உயரமான, கறுத்த, கழுத்தில் துண்டு போட்ட முதுகு. அவர் திரும்பவே இல்லை. வாசல் வெளிச்சத்துக்குள் நடந்து மறைந்துவிட்டார்.

"அவியதான். அவியதான்க்கா!" அவள் எழுந்து ஓடினாள். செருப்பைக்கூடப் போடவில்லை. நானும் ஓடினேன். உண்மையைச் சொன்னால் அந்த நிமிஷம் நானும் நம்பினேன். அவன்தான் என்று நம்பினேன்.

ஆட்டோ பிடித்தோம். துறைமுகத்துக்குப் போகும் லாரிகள் ரோட்டை அடைத்துக்கொண்டு நின்றன. அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே எட்டி எட்டிப் பார்த்தாள், அவன் எதிரே சைக்கிளில் வந்துவிடுவான் என்பது போல. வழியில் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள், தலைமுடியைச் சரிசெய்தாள். ஒருவேளை அது அவன் இல்லையென்றால் என்ன ஆகும் என்று அதைப் பார்த்தபோதுதான் நினைத்தேன்.

கடைக்குள் நுழைந்தபோது கவுண்டருக்கு முன்னால் இஞ்ஞாசி அண்ணன் நின்றிருந்தார். ஃபிராங்க்ளின் போன படகில் கூடப் போனவர், அவனைத் தேடிக் கடைசிவரைக் குதித்தவர். வயதானவர். இப்போதெல்லாம் காது சரியாகக் கேட்காது. எங்களைப் பார்க்கவில்லை. ஒரு சீயக்காய்ப் பாக்கெட்டையும் ரெண்டு சோப்பையும் முன்னால் வைத்தார். ஜெபசுதாவும் குனிந்து பில் போட்டுக்கொண்டிருந்தாள், அவளும் பார்க்கவில்லை. நம்பர் என்ன என்று அவள் கேட்கக்கூட இல்லை.

"ஃபிராங்க்ளின் நம்பருல போட்டுரு, மக்கா" என்றார் இஞ்ஞாசி அண்ணன்.

ஜெபசுதா அந்த நம்பரை மனப்பாடமாகத் தட்டினாள்.

கிளாடிஸ் கையில் இருந்த போன் கிணிங் என்றது.

அந்தச் சத்தத்துக்குத்தான் ஜெபசுதா நிமிர்ந்தாள். நிமிர்ந்தவள் மிஷினைப் பிடித்துக்கொண்டாள். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு இஞ்ஞாசி அண்ணனும் திரும்பினார். கிளாடிஸ் அந்தப் போனை அவருக்கு நேராக நீட்டிக்கொண்டு நின்றாள். அதைப் பார்த்ததும் கிழவர் கை பட்டுச் சோப்பு கீழே விழுந்தது.

"அந்த போனு இருக்கா?" என்றார். "அவனோட போயிட்டுன்னுல்லா நெனச்சோம்."

அதற்கு அப்புறம் அவர்தான் சொன்னார், நின்ற இடத்திலேயே, தரையைப் பார்த்துக்கொண்டு. அவர்கள் தெருவில் கடலுக்கு ஒருவனைக் கொடுத்த வீட்டுக்கு, கூடப் போனவர்கள் எடுத்துவரும் சங்கில் ஒரு பங்கு ஒதுக்குவார்கள். ஃபிராங்க்ளின் வீட்டுக்கும் ஒதுக்கினார்கள். கிளாடிஸ் அதை வாங்கவில்லை. பங்கை வாங்கினால் அவன் இல்லை என்று ஆகிவிடும் என்று வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டாள். பிள்ளையை வைத்துக்கொண்டு என்ன சாப்பிடுகிறாளோ என்று தெருவே தவித்தது. அந்த நேரத்தில்தான் ஜெபசுதா எங்களிடம் ஏச்சு வாங்கிக்கொண்டு எல்லோரிடமும் நம்பர் கேட்டுக்கொண்டிருந்தாள். ஒரு கிழவி, எனக்கு எதுக்குப் பாயிண்ட், அந்தப் பிள்ளைக்கு உதவுமென்றால் ஃபிராங்க்ளின் நம்பரில் போடு என்றாளாம். அவன் நம்பர் மிஷினில் ஏற்கெனவே இருந்தது. பக்கத்தில் நின்றவரும் எனக்கும் அதிலேயே போடு என்றார். அப்படியே தெரு முழுக்கப் பரவிவிட்டது. கைக்குழந்தைக்காரி நாப்கின் வாங்கியதும் அதில்தான் ஏறியது, யாரோ ஒருத்தி வாங்கிய குங்குமமும் அதில்தான் ஏறியது.

"கிறிஸ்மசுக்கு கடை குடுக்க பரிசுன்னு சொல்லி அரிசி பருப்பா உங்ககிட்ட சேத்துரலாம்னு இருந்தோம்க்கா" என்றாள் ஜெபசுதா அழுதுகொண்டே. "மெசேஜு போவும்னு எனக்குத் தோணவே இல்ல. செத்துப்போனவுக போனுக்கு..." என்று ஆரம்பித்து வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அப்பம் துண்டு போட்டுட்டுப் போனது யாரு?" என்றாள் கிளாடிஸ். "சித்த முந்தி. ஒசரமா."

"பெனிஸ்டன் அண்ணன்க்கா. ஐஸ் கம்பெனிக்காரரு."

கிளாடிஸ் தலையாட்டினாள். கவுண்டருக்குப் பக்கத்தில் சர்க்கரை மூட்டை அடுக்கியிருந்தது. அதன்மேல் உட்கார்ந்தாள். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை.

"எல்லாருமாச் சேந்து அவியள நடமாட விட்டுட்டியளே" என்றாள். "நாப்கின் வாங்கினாவ, கோவப்பட்டேன். கொசுவத்தி வாங்கினாவ, அந்த வீட்டுலயும் கொசு கடிக்குதேன்னு நெனச்சேன். ஒரு பொம்பளைய நானே செஞ்சு வச்சு அவகூடச் சண்ட போட்டேன். இப்பம் அவளும் இல்ல, அவியளும் இல்ல."

இஞ்ஞாசி அண்ணன் அவள் தலையைத் தொடப் போய், தொடாமல் கையை இழுத்துக்கொண்டார். கடையில் சாமான் வாங்க வந்தவர்கள் எல்லாம் அப்படியே நின்றார்கள். ஒவ்வொருவரும் அந்த நம்பரைச் சொன்னவர்கள்தான். நான் என் கடையிலேயே நிற்க இடம் தெரியாமல் நின்றேன். எவனோ விற்ற வட்டத்தை நிறைக்க நானும் என் புருஷனும் போட்ட கூச்சலில்தானே இது ஆரம்பித்தது.

ஞாயிற்றுக்கிழமை பூசை நடந்தது. நானும் இவரும் போனோம். கிளாடிஸ் முதல் வரிசையில் பிள்ளையோடு முழங்கால் போட்டிருந்தாள். கழுத்து வெறுமையாக இருந்தது. பூசை முடிந்து வெளியே வந்ததும் இஞ்ஞாசி அண்ணன் பங்கைக் கொடுத்தார். வாங்கிக்கொண்டாள். வாங்கியதைப் பார்த்துக் கிழவர் குலுங்கிக் குலுங்கி அழுதார்.

அதற்கு அப்புறம் திரேஸ்புரத்தில் யாரும் அந்த நம்பரைச் சொல்லவில்லை. வட்டம் மறுபடி பாதிக்கு வந்து சிவப்பாகிவிட்டது. இவர் அதைப் பற்றி ஜெபசுதாவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சாஃப்ட்வேர்க்காரரைக் கூப்பிட்டு, அந்தப் பெயருக்கு இனிமேல் நன்றி என்று எதுவும் போகக் கூடாது என்று சொன்னார். நிறுத்தியாகிவிட்டது என்றார்கள். குக்கர் பெட்டி பிரிக்காமல் எங்கள் பரணில் கிடக்கிறது.

மாசியில் ஒருநாள் நான் திரேஸ்புரம் கடையில் இருந்தபோது கிளாடிஸ் வந்தாள். இப்போது ஐஸ் கம்பெனியில் வேலைக்குப் போகிறாள். இளைத்திருந்தாள். என் எதிரே அந்த போனை வைத்தாள்.

அன்பு ஃபிராங்க்ளின், உங்களை ரொம்ப நாளாகக் காணோமே. எங்கே போனீர்கள்? உங்களுக்காகக் காத்திருக்கிறோம்.

பழைய வாடிக்கையாளர்கள் வராமல் போனால் மிஷின் தானாக அனுப்புகிற செய்தி. நன்றி சொல்வதை நிறுத்தினார்களே தவிர, இதை நிறுத்தவில்லை. இது தனி பட்டன். எங்களுக்குத் தோன்றவே இல்லை. எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த மிஷினைத் தூக்கிக் கடலில் போட்டுவிட்டால்கூடத் தேவலை என்றிருந்தது.

"மன்னிச்சிருமா. இப்பமே, உன் கண்ணு முன்னாலயே நிறுத்துதேன்" என்று என் போனை எடுத்தேன்.

அவள் என் கையைப் பிடித்தாள். கை ஐஸ் மாதிரி இருந்தது, வேலை செய்கிற இடத்தின் குளிர்.

"நிறுத்திராதீயக்கா. அதச் சொல்லத்தான் வந்தேன்" என்றாள். "பூசை வச்சு முடிச்சதோட எல்லாரும் அவியள விட்டுட்டாவ. அண்ணன் விட்டுட்டான். எம்பிள்ளகூட இப்பம் அப்பா எங்கன்னு கேக்க மாட்டேங்கா. நான் கேட்டா கிறுக்கச்சிம்பாவ. எங்க போனீயன்னு அவியளக் கேக்க இது ஒண்ணுதான் இருக்கு. கேக்கட்டும்."

போனைத் துடைத்து முந்தானையில் சுற்றிக்கொண்டு போனாள்.

இவரிடம் சொன்னேன். இப்போதும் காலையில் காபிக்கு முன்னால் டேஷ்போர்டைத்தான் திறக்கிறார். வராமல் போனவர்கள் பட்டியலில் முதல் பெயர் ஃபிராங்க்ளின். பக்கத்திலேயே, பட்டியலிலிருந்து நீக்கவா என்று மிஷின் கேட்கிறது. இவர் ஒவ்வொரு தடவையும் வேண்டாம் என்று அழுத்துகிறார். மாதம் பிறந்தால் அந்தச் செய்தி போகிறது.